சத்தம் போட ஒரு வீடு

சாவியக்கா ஒரு வீட்டைக் காட்டுவதென்றால், பார்க்க வருகிறவர்களுக்கு அரைமணி நேரம் முன்பே போய்விடுவாள். வீட்டுத் தரகர் அலுவலகத்தில் காலி வீடுகளின் சாவிக்கொத்து அவள் பொறுப்பு. அதனால் வந்த பேர் அது. பூட்டிக் கிடந்த வீட்டுக்குக் காற்று விட வேண்டும், குழாயைத் திறந்து துருத் தண்ணீரைப் போக்க வேண்டும் என்று தரகரிடம் காரணம் சொல்லி வைத்திருந்தாள். அதையும் செய்வாள்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அதெல்லாம் கண்ணை மூடித் திறப்பதற்குள் முடிகிற வேலை. மீதி நேரம் அவள் பாடுவாள்.

பாட்டு என்றால் பெரிய பாட்டு ஒன்றும் இல்லை. மெட்டும் அவள் போட்டது, வார்த்தையும் அவள் போட்டது. 'இங்கே கட்டில், தலைமாட்டில் விளக்கு, அந்த மூலையில் மகளுக்கு மேசை, மேசைக்கு எதிரே ஜன்னல்' என்று காலி அறைக்குச் சாமான் வாங்கிப் போட்டுக்கொண்டே போவாள். குரல் மட்டும் அடிவயிற்றிலிருந்து வரும். காலி வீடும் சும்மா இருக்காது, திருப்பிப் பாடும். சமையலறை கீச்சென்று திருப்பும். கூடம் கொஞ்சம் யோசித்துவிட்டுத் திருப்பும். படுக்கையறை பாதியை விழுங்கிக்கொள்ளும். வெயில் தரையில் சதுரம் சதுரமாக விழுந்து கிடக்க, அவள் வாங்காத கட்டிலைச் சுற்றிக்கொண்டு, போடாத மேசையில் இடித்துக்கொள்ளாமல் ஒதுங்கி நடப்பாள். அழைப்புமணி அடித்ததும் வாயை மூடிக்கொள்வாள். கட்டிலும் மேசையும் போன இடம் தெரியாது.

இப்படிப் பாடுகிறவளுக்கு வீட்டில் வாயே கிடையாது. புருஷனுக்குப் பயந்து என்று நினைத்துவிடாதீர்கள். அந்த மனுஷர் வாயில்லாப் பூச்சி. பேக்கரியில் ராத்திரி வேலை; மாவு பிசைந்து, உருட்டி, அடுப்பில் வைத்து எடுப்பவர். ஊர் தூங்கும்போது உழைத்துவிட்டு, ஊர் எழுந்திருக்கும்போது வந்து படுப்பார். குடியிருப்பதோ சலவைக் கடைக்குப் பின்னால் ஒரே ஓர் அறை. ஓரமாக ஒரு தடுப்பு, அதற்குள் அடுப்பு. வாசல் கதவையும் குளியலறைக் கதவையும் விட்டால் அந்த வீட்டில் சாத்துவதற்கு வேறு கதவே இல்லை. நடு அறையில் அவர் தூங்க, தாயும் மகளும் சுற்றிலும் பூனை மாதிரி நடப்பார்கள். தட்டை வைத்தால் துணி விரித்து அதன் மேல் வைப்பார்கள். தும்மல் வந்தால் தெருவுக்கு ஓடுவார்கள். மகள் கைக்குழந்தையாக வீறிட்ட காலத்திலும் தூக்கிக்கொண்டு ஓடியது தெருவுக்குத்தான். சண்டை போட்டாலும் கிசுகிசுப்பில்தான் போட்டுக்கொள்வார்கள்; கிசுகிசுவென்று திட்டினால் கோபம் எங்கே நிற்கும்? பாதியில் சிரிப்பு வந்துவிடும். வாரத்தில் ஒரு நாள் அவருக்கு லீவு. அன்றைக்கும் யாருக்கும் குரல் எழும்பாது. பழக்கம் அப்படிப் படிந்துவிட்டது.

மகளுக்குப் பன்னிரண்டு வயதாகும்வரை இதில் ஒரு குறையும் யாருக்கும் தெரியவில்லை. அப்புறம் ஒருநாள் வகுப்பு டீச்சர் தாயைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"நல்லா படிக்கிற பொண்ணு. ஆனா கேள்வி கேட்டா, அவ சொல்ற பதில் முதல் பெஞ்சுக்குக்கூட வந்து சேர மாட்டேங்குது. நான் கிட்டப் போய் குனிஞ்சு கேக்க வேண்டியிருக்கு. தப்பா நினைச்சுக்காதீங்க... வீட்ல ரொம்ப அடிப்பீங்களா?"

"ஐயோ, இல்லைங்க டீச்சர்!" என்றாள் சாவியக்கா. அதையும் கிசுகிசுத்துத்தான் சொன்னாள். டீச்சர் குனிந்து கேட்டுக்கொண்டார்.

அன்று வீடு திரும்பும் வழி முழுக்க அவள் கண் கலங்கிக்கொண்டே வந்தது. பெற்ற மகளின் தொண்டையை நாமே நெரித்துவிட்டோமே என்று மனசு அடித்துக்கொண்டது. அன்றைக்கே முடிவு செய்தாள்: ஒரு கதவு வேண்டும். அவர் ஒரு பக்கம் தூங்க, மகள் மறுபக்கம் வாய் விட்டுப் படிக்க, நடுவே நல்ல கனமாக ஒரு கதவு.

கேட்பதென்னவோ ஒரு கதவுதான். ஆனால் அந்த ஊரில் அதன் விலை கேட்டால் மயக்கம் வரும். வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்று சொன்ன புண்ணியவான் வாடகைக்கு வீடு தேடிப் பார்த்திருக்க மாட்டான். பெருநகரத்து ரயில் பாதையை இந்த ஊர்வரைக்கும் நீட்டினார்கள். நீட்டிய மறுவருஷமே வாடகை அடுப்பில் வைத்த பால் மாதிரி ஏறியது. தரகர்கள் ஊரை உள்ளறைக் கதவால் அளந்தார்கள். ஒரு கதவு வீடு, இரண்டு கதவு வீடு, மூன்று கதவு வீடு. ஒவ்வொரு கதவுக்கும் வாடகை ஒரு படி தாவும். அந்தப் படிகளின் அடியில் நின்றுகொண்டு, சாவிகளை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, அண்ணாந்து பார்த்தாள் சாவியக்கா.

இதில் ஒரு வயிற்றெரிச்சல் உண்டு. அந்தப் பால் பொங்க அடுப்பை விசிறிவிட்டவர்களில் அவளும் ஒருத்தி.

எப்படி என்றால், அவள் வீடு காட்டுவதும் கிசுகிசுப்பில்தான். மணி அடித்ததும் பாட்டை நிறுத்திக் கதவைத் திறப்பாளா, எதிரே மனிதர்களைப் பார்த்ததும் பழைய பழக்கம் வந்து தொண்டையில் உட்கார்ந்துகொள்ளும். "இது கூடம்ங்க... இங்க காலையில வெயில் வரும்..." என்று யாரோ பக்கத்தில் தூங்குகிறாற்போல் சொல்லுவாள். வந்தவர்களும் தங்களையறியாமல் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். செருப்பைக் கழற்றி ஓரமாக வைப்பார்கள். பேச்சு நின்றதும் அவர்களுக்கு வேறென்னவெல்லாமோ கேட்க ஆரம்பிக்கும். மரத்தில் இலை அசைவது, மாடியில் யாரோ துணி உதறுவது, எங்கேயோ ஒரு குருவி. ஜன்னலோரம் போய் நின்று பெருமூச்சு விடுவார்கள். "எவ்வளவு அமைதியா இருக்கு!" என்பார்கள். கீழே போனதும் முன்பணம் கொடுத்துவிடுவார்கள்.

தரகர் லேசுப்பட்ட ஆளா? இவள் காட்டும் வீடுகள் மட்டும் சட்சட்டென்று போவதைக் கவனித்தார். விளம்பரத்தில் 'அமைதியான சூழல்' என்று போட்டு வாடகையைக் கூட்டினார். அடுத்த தெருத் தரகர் அதைப் பார்த்து 'மிக அமைதியான சூழல்' என்று போட்டார். பிறகு கேட்க வேண்டுமா! பட்டறைக்கு எதிரே இருந்த வீடுகூட அமைதியான சூழல் ஆகிவிட்டது. ரயில் பாதை பாதி, இவள் கிசுகிசுப்பு பாதி என்று தரகர் சாகும்வரை சொல்லிக்கொண்டிருப்பார். உண்மையோ பொய்யோ, ஒரு கதவு இல்லாததால் வந்த கிசுகிசுப்பு, கதவு உள்ள வீடுகளை எல்லாம் அவள் கைக்கு எட்டாத உயரத்துக்கு ஏற்றி வைத்தது. சொந்தச் செலவில் சூனியம் என்பது இதுதான்.

அப்போதுதான் அந்த மூன்றாம் மாடி வீடு வந்தது.

மூலைக் கட்டடம். படியேறி உள்ளே போனால் நீளமான கூடம், கூடத்தின் கோடியில் ஓர் அறை, அந்த அறைக்கு ஒரு கதவு. கதவா அது? இரண்டு கை சேர்த்துத் தள்ள வேண்டும். வீட்டுக்காரர் பல் டாக்டர், இப்போது ஓய்வு பெற்று வேறு ஊரில் இருந்தார். அந்த அறைதான் அவருடைய வைத்திய அறையாம். உள்ளே ஒருவர் அலறுவது வெளியே காத்திருப்பவர்களுக்குக் கேட்டால் அடுத்த ஆள் எழுந்து ஓடிவிடுவாரே என்று, பார்த்துப் பார்த்துச் செய்து மாட்டிய கதவு.

சாவியக்கா அதைத் தள்ளித் திறந்தாள். மெல்ல, கனமாக, ஒரு சின்ன முனகலும் இல்லாமல் திறந்தது. உள்ளே போய்ச் சாத்தினாள். தெரு நின்றுவிட்டது. வெளிச்சம்கூடச் சத்தமில்லாமல் விழுந்தது போலிருந்தது. தூசி ஒன்று வெயிலில் ஏறுவதா இறங்குவதா என்று தெரியாமல் மிதந்தது. அவள் வெறுந்தரையில் உட்கார்ந்து, சுவரில் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டாள். புருஷன் இங்கே படுத்திருக்கிறார். வெளியே கூடத்தில் மகள் பாடத்தைச் சத்தமாக ஒப்பிக்கிறாள். தட்டு விழுகிறது, யாரும் பதறவில்லை. விழுந்த தட்டைப் பார்த்து மகள் சிரிக்கிறாள். அந்தச் சிரிப்பு எப்படி இருக்கும் என்று மட்டும் அவளுக்குக் கற்பனையில் வரவில்லை. எவ்வளவு யோசித்தும் வரவில்லை. அழைப்புமணி அடித்தபோதுதான் எழுந்தாள், கன்னம் ஈரமாக இருந்தது.

வந்திருந்தவர்கள் ஒரு வங்கிக்காரரும் அவர் மனைவியும். கதவைத் திறந்த சாவியக்கா வாயைத் திறந்தாள். வந்தது கிசுகிசுப்பு இல்லை.

"வாங்க! வாங்க! இதுதான் கூடம்!"

காலிக் கூடம் அதை வாங்கி நாலு தடவை திருப்பிச் சொன்னது. வங்கிக்காரர் ஒரு படி பின்வாங்கினார். "இது சமையலறை! இது குழாய்! பாருங்க தண்ணி வருது!" என்று அவள் முழங்க முழங்க, அந்த அம்மா காதோரத்தில் கை வைத்துக்கொண்டார். "வீடு ரொம்ப எதிரொலிக்குது, இல்ல?" என்று புருஷனிடம் முணுமுணுத்தார். இருவரும் சீக்கிரமே இறங்கிப் போய்விட்டார்கள்.

சாவியக்கா ஒரு பொய்யும் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். கூடத்தைக் கூடம் என்றாள், குழாயைக் குழாய் என்றாள். ஆனாலும் செய்தது திருட்டுத்தனம் என்று அவள் நெஞ்சுக்குத் தெரியும். அன்று தரகர் முகத்தைப் பார்த்து டீ வாங்கிக் குடிக்க முடியவில்லை. 'என் பிள்ளைக்காக' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அதற்குப் பிறகு வந்தவர்களுக்கும் அதே முழக்கம்தான். வீடு காலியாகவே கிடந்தது. பல் டாக்டர் வாடகையைக் கொஞ்சம் இறக்கினார்.

ஆனால் வினை வேறு உருவத்தில் வந்தது. ஒருநாள் ஒரு குடும்பம் படியேறியது. படியேறும்போதே கட்டடம் அதிர்ந்தது. அப்பா ஏலக்கடையில் விலை கூவுகிறவர். அவருக்கு வாய்த்த மனைவியும் பிள்ளைகளும் அவரையே தோற்கடிக்கிறவர்கள். சாவியக்கா வழக்கம்போல் "வாங்க! வாங்க!" என்று முழங்கினாளோ இல்லையோ, அவர் முகம் பூவாய் மலர்ந்துவிட்டது.

"ஆஹா! இப்படிப் பேசற ஆளைப் பார்த்து எத்தனை நாளாச்சு! எங்க போனாலும் மெதுவா, மெதுவாங்கறாங்கம்மா. ஏய், நமக்கு ஏத்த வீடு இதுதான்டி!"

"ஆமாங்க! எதிரொலியே சூப்பரா இருக்கு!" என்றாள் மனைவி. பிள்ளைகள் கூவிப் பார்த்தார்கள்.

சாவியக்கா சட்டென்று குரலை இறக்கினாள். பன்னிரண்டு வருஷப் பயிற்சி, சும்மாவா? "மெதுவா பேசுங்க..." என்று உதட்டில் விரல் வைத்தாள். "மேல் வீட்டுக்காரருக்கு உடம்புக்கு ஆகாது... கீழ் வீட்ல பரீட்சைக்குப் படிக்கறாங்க..." மேல் வீடு என்று ஒன்று அந்தக் கட்டடத்திலேயே இல்லை, மேலே மொட்டைமாடிதான். அந்த வீட்டுக்காக அவள் சொன்ன முதல் பொய் அது. ஏலக்காரர் முகம் சுண்டிப்போனது. "இங்கேயும் அதே கதைதானா" என்று குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு இறங்கினார். கடைசிப் பிள்ளை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனது. அந்தப் பார்வை அவளுக்கு இரண்டு நாள் சோறு இறங்க விடவில்லை.

இதற்கிடையில் சலவைக் கடைக்காரர் வந்து தலையைச் சொறிந்தார். "ஊர்ல எல்லாரும் ஏத்தறாங்கம்மா, நானும் கொஞ்சம் ஏத்திக்கறேன்" என்றார். கதவில்லாத அந்த அறையின் வாடகை ஏறிக்கொண்டே வந்தது. யாரும் எடுக்காத மூன்றாம் மாடி வீட்டின் வாடகை இறங்கிக்கொண்டே வந்தது. மாடிப்படியில் எதிரெதிரே வரும் இரண்டு பேர் மாதிரி அவை நெருங்கின. இன்னும் ஒரு படிதான். சாவியக்காவுக்குத் தூக்கத்தில்கூட அந்தக் கதவு சத்தமில்லாமல் திறந்து திறந்து மூடியது.

அப்போதுதான் தரகருக்குச் சந்தேகம் வந்தது. எந்த வீட்டையும் ஒரே வாரத்தில் தள்ளிவிடுகிறவள், இந்த ஒரு வீட்டில் மட்டும் இப்படிச் சறுக்குவானேன்? ஒருநாள் அவள் போன கொஞ்ச நேரத்தில் அவரும் பின்னாலேயே மூச்சு வாங்க மூன்று மாடி ஏறினார். கதவைத் தட்டக் கையை ஓங்கியவர் அப்படியே நின்றுவிட்டார். உள்ளே யாரோ பாடிக்கொண்டிருந்தார்கள்.

'இங்கே அவருக்குக் கட்டில், இந்தக் கதவைச் சாத்தினால் நல்ல தூக்கம், அங்கே என் மகளுக்கு மேசை, அவள் கத்திப் படிக்க ஒரு மேசை...'

பாட்டு முடிகிறவரைக்கும் தரகர் நின்று கேட்டார். இத்தனை வருஷத்தில் அவள் குரலை அவர் அப்போதுதான் கேட்கிறார். அப்புறம்தான் மணியை அடித்தார்.

கதவைத் திறந்து அவரைப் பார்த்ததும் சாவியக்காவுக்கு உயிரே போய்விட்டது. ஒன்றையும் மறைக்கவில்லை. முழங்கியது, ஏலக்காரரிடம் கிசுகிசுத்தது, இல்லாத மேல் வீட்டை ஏற்றி வைத்தது, எல்லாவற்றையும் கொட்டிவிட்டுச் சாவிக்கொத்தை நீட்டினாள்.

"ஏம்மா, உனக்கு அறிவிருக்கா? என் தொழில்ல மண்ணள்ளிப் போட்டிருக்கியே!" தரகர் குதித்தார். குதித்துவிட்டு மூச்சிரைத்தார். "வீடு வேணும்னா வாயத் தொறந்து கேட்டுத் தொலைக்கறதுக்கென்ன?"

"எப்படிண்ணா கேக்கறது... அந்த வாடகைக்கு..."

"என்ன சொல்ற? சத்தமாத்தான் சொல்லேன்! பாட மட்டும் தெரியுது!"

அவள் அழுதுவிட்டாள். தரகர் ஜன்னல் பக்கம் திரும்பி வெளியே பார்த்தார். பிறகு போனை எடுத்துப் பல் டாக்டரை அழைத்தார். நம்பிக்கையான குடும்பம், இரைச்சலே கிடையாது, பன்னிரண்டு வருஷமா ஒரே வீட்ல இருந்தவங்க என்று ஏற்ற வேண்டியதை ஏற்றி, இறக்க வேண்டியதை இறக்கினார். நடுவில் ஒரு இடத்தில், "ஏலக்காரர் ஒருத்தருக்கும் உங்க வீடு பிடிச்சிருந்துதுதான், அவருக்கு வேற நல்ல வீடா நானே பாத்துக்கறேன்" என்றும் சொன்னார். போனை வைத்துவிட்டு விரலை ஆட்டினார்.

"டாக்டர் சரின்னுட்டார். ஆனா என் கமிஷன்ல ஒரு பைசா குறைக்க மாட்டேன், சொல்லிட்டேன். நாளைக்கு உன் வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வா. தூங்கப் போறவர் அவர்தானே, அவர் கதவைப் பாக்கட்டும்."

மறுநாள் காலை வேலை முடிந்த கையோடு புருஷன் வந்தார். புருவத்தில் மாவு அப்பியிருந்தது. மகள் பள்ளிப் பையோடு வந்தாள். வாடகைதான் அவருக்குக் கவலை. கதவைத் தொட்டுப் பார்த்தார், தட்டிப் பார்த்தார்.

"நான் உள்ள படுக்கறேன். நீங்க வெளிய பேசுங்க. கேக்குதான்னு பாப்போம். கேட்டா, எதுக்கு இவ்வளவு காசு குடுத்து?"

மகளின் பையைத் தலைக்கு வைத்துக்கொண்டு தரையில் படுத்தார். சாவியக்கா கதவைச் சாத்தினாள். தரகர் பால்கனியில் போய் நின்று, கையைப் பிசைந்துகொண்டார். தாயும் மகளும் கூடத்தின் நடுவே ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வாயைத் திறந்தார்கள். பேசினார்கள்.

கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்து அவர் கதவைத் தட்டினார். லேசாகத் திறந்து, "இன்னும் ஆரம்பிக்கலையா?" என்றார்.

"ஆரம்பிச்சாச்சுங்க" என்றாள் சாவியக்கா, கிசுகிசுவென்று.

தரகர் தலையில் அடித்துக்கொண்டார்.

மறுபடி கதவு மூடியது. சாவியக்கா மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். கண்ணை மூடிக்கொண்டு, காலி வீட்டில் தனியாக இருப்பதாக நினைத்துக்கொண்டு, பாட ஆரம்பித்தாள். 'இங்கே கட்டில், தலைமாட்டில் விளக்கு...' மகள் திகைத்துப் போய் அம்மாவைப் பார்த்தாள். அம்மாவுக்குள்ளிருந்து இப்படி ஒரு சத்தமா! 'அந்த மூலையில் மேசை' என்று இழுத்துவிட்டு, சாவியக்கா மகள் கையை அழுத்தினாள். உன் மேசை, நீயே சொல்.

மகள் வாயைத் திறந்தாள். முதலில் காற்று வந்தது. பிறகு ஏதோ உடைந்தது. பிறகு வந்தது குரல். கரகரப்பாக, சுருதியே இல்லாமல், கூடத்தின் கோடிவரைக்கும் முட்டி மோதிக்கொண்டு போனது. "ஜன்னல் பக்கம்! என் மேசை ஜன்னல் பக்கம்! அது மேல யாரும் துணி விரிக்கக் கூடாது!" அப்புறம் அவளுக்கே அது தாங்கவில்லை, சிரித்துவிட்டாள். சாவியக்காவால் எத்தனையோ நாள் கற்பனை பண்ணியும் கேட்க முடியாத சிரிப்பு, இதோ, ஒரு வயசான கதவின் கீல் மாதிரி கிறீச்சிட்டது. தாய் பாடுவதை மறந்துபோய்க் கேட்டுக்கொண்டு நின்றாள்.

கதவு திறந்தது. கண் சிவந்து, தலை கலைந்து அவர் நின்றார். இருவரையும் தாண்டி, அவர்கள் முதுகுக்குப் பின்னால் யாரையோ தேடினார்.

"யாரு வந்திருக்கா?"

"யாரும் வரலைங்க."

"இல்ல, கேட்டுச்சே. உன் குரல் எனக்குத் தெரியும். கூட இன்னொரு குரல், ஒரு பொண்ணு சிரிச்சாளே. கீழ் வீட்டுப் பொண்ணா?"

சாவியக்கா மகளை முன்னால் தள்ளிவிட்டாள்.

"நான்தான்பா" என்றாள் மகள். பழையபடி மெல்லத்தான் சொன்னாள்.

அவர் அவளைப் பார்த்தார். அப்படியே கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அறை வாசலிலேயே உட்கார்ந்தார்.

"இன்னொரு தடவ சொல்லு."

"நான்தான்பா!"

மாவு அப்பிய கையால் அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மாவு ஈரத்தில் குழைந்து கன்னத்தில் ஒட்டியது. தரகர் பதறிக்கொண்டு பால்கனியிலிருந்து வந்தார். "என்ன சார், கதவு எப்படி? பல்லு புடுங்கினவங்க கத்தினதே வெளிய கேட்டதில்லையே சார். சத்தம் வருதா?"

"வருது. எல்லாம் கேக்குது."

தரகர் முகம் தொங்கிவிட்டது. "அப்போ உங்க தூக்கம்...?"

"அது என் பாடு. காதுல பஞ்சு வெச்சுக்கறேன்" என்றார் அவர், மகளையே பார்த்துக்கொண்டு. "வீட்டை எங்களுக்கு எழுதுங்க."